பாடத்திட்டம், நூல்பட்டியல் இரண்டையும் டிஜிட்டலாக்க எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: உங்களுடையது தன்னாட்சி பெற்ற கலை அறிவியல் கல்லூரி. பாடத்திட்டங்கள் துறைக்கு ஒரு பிடிஎஃப் என்று இணையதளத்தில் கிடக்கின்றன, பாடநூலும் பார்வை நூலும் ஒவ்வொரு தாளின் கடைசி வரிகளில் இருக்கின்றன, மாணவர்கள் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுக்கொள்கிறார்கள். முதல்வர் உங்களைப் பொறுப்பாளராகப் போட்டு "நல்ல சாஃப்ட்வேர் ஒன்று பாருங்கள்" என்று சொல்லிவிட்டார். எதை வாங்கலாம்?

நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன், இந்த வேலையை முழுசாக ஒரு சுற்று செய்து பார்த்தவன். என் பதில்: முதல் ஒரு வருடத்துக்கு எதையும் வாங்காதீர்கள். பாடத்திட்டத்தை நாம் ஒரு கோப்பாக வைத்திருக்கிறோம், அதைத் தேதி போட்ட பதிவாக வைத்திருக்க வேண்டும். நூல்பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் நூலகத்தில் ஒரு குறிப்பிட்ட புத்தகத்தைக் காட்ட வேண்டும், இப்போது எதையும் காட்டுவதில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் எந்த மென்பொருள் வாங்கினாலும் அதே பிடிஎஃபை வேறொரு இடத்தில் ஏற்றி வைப்பதோடு முடிந்துவிடும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். முதுகலைத் தமிழ் மாணவி ஒருத்தி கவுண்டருக்கு வந்து போனை நீட்டினாள். "சார், இது இருக்கா? தேடினேன், இல்லைன்னு வருது." திரையில் இருந்த வரி: மு.வ., தமிழ் இலக்கிய வரலாறு, சாகித்திய அகாதெமி. 1972இல் வந்த புத்தகம், தமிழ் படித்தவர்கள் வீட்டில் பாதிப் பேரிடம் இருக்கும். ஓபாக்கில், அதாவது நூலகத்தின் கணினி அட்டவணையில், அவள் "மு.வ." என்று போட்டுத் தேடியிருக்கிறாள். எங்கள் அட்டவணையில் சில பிரதிகள் "வரதராசன், மு." என்றும், சில "வரதராஜன், மு." என்றும், பழைய பதிவேட்டிலிருந்து அவசரமாகக் கணினிக்கு ஏற்றியவை ஆங்கில எழுத்திலும் இருந்தன. தமிழ் இலக்கியத்துக்கான 894.811 எண் அடுக்கில் ஐந்தாறு பிரதி வரிசையாக நின்றுகொண்டிருந்தது, அவளுக்கு "இல்லை" என்று பதில் போயிருக்கிறது. எனக்கு அடுக்கு தெரியும் என்பதால் எடுத்துக் கொடுத்தேன். கவுண்டருக்கு வராமல் அறைக்கே திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது, அன்றைக்குத்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதலில் பாடத்திட்டம். ஒரு எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். ஒரு தாளுக்கு ஒரு வரி: பாடக்குறியீடு, தாளின் பெயர், துறை, செமஸ்டர், கிரெடிட், எந்த ரெகுலேஷன் (எந்த ஆண்டு வகுத்த விதிமுறை), பாடத்திட்டக் குழு கூடிய தேதி, கல்விக் குழு ஒப்புதல் கொடுத்த தேதி, எந்த ஆண்டு சேர்ந்த பேட்சிலிருந்து நடைமுறை, எந்த பேட்சோடு முடிகிறது. கடைசி இரண்டு கட்டங்களைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ரெகுலேஷன் 2017இல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் தாளின் குறியீடு சிஎஸ் 8391, ரெகுலேஷன் 2021இல் சிஎஸ் 3301. பாடத்தின் பெயர் அதேதான், ஆனால் அரியர் வைத்திருக்கும் மாணவர் தன் ரெகுலேஷன்படிதான் பரீட்சை எழுதியாக வேண்டும். புதியதை ஏற்றும்போது பழையதை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டால், பாடம் நடத்தவும் ஆளில்லாமல் பாடத்திட்டமும் கையில் இல்லாமல் இருக்கும் அந்தப் பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறான்.

இன்னொரு பக்கம் பழைய மாணவர்கள். வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போனவர்களிடம், நீ படித்த பாடத்திட்டத்தைக் கல்லூரி முத்திரையோடு கொண்டு வா என்று கேட்கிறார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் முடித்தவர்கள் மெயில் அனுப்புவார்கள், அலுவலகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் வீட்டுக்கு என்று அந்த மெயில் சுற்றும். அதனால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பாடத்திட்டத்தை அழிப்பது என்ற பேச்சே கிடையாது, திருத்துவதும் கிடையாது. ஒரு எழுத்துப் பிழையைச் சரிசெய்தால்கூட அது புதிய பதிப்பு, தேதியோடு. கோப்பின் பெயரிலும் அது தெரியட்டும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் கரெக்டட்" என்ற பெயர்களில் எது குழு ஒப்புக்கொண்டது என்று மூன்று வருடம் கழித்து யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்க டிஸ்பேஸ் நல்ல இடம். எம்ஐடியும் ஹெச்பியும் சேர்ந்து 2002இல் வெளியிட்ட இலவச மென்பொருள், உங்கள் நூலகத்தில் ஆய்வேடு வைக்க ஏற்கெனவே போட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. துறைக்கு ஒரு தொகுப்பு, ரெகுலேஷனுக்கு ஒரு பதிவு என்று வைத்தால் சரியாக இருக்கும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். டிஸ்பேஸ் ஒவ்வொரு பதிவுக்கும் ஹேண்டில் என்று ஒரு நிரந்தர முகவரி கொடுக்கும், அதன் முன்னெண் நிறுவும்போது 123456789 என்று இருக்கும். அது வெறும் மாதிரி எண். முறையாகப் பதிவு செய்து வாங்கிய எண்ணை அங்கே போட்டால்தான் சர்வர் மாறினாலும் முகவரி வேலை செய்யும். நம் ஊர் நிறுவனக் களஞ்சியங்கள் பலவற்றைத் திறந்து பாருங்கள், இன்னும் 123456789தான் நிற்கும். "நிரந்தர இணைப்பு" என்று நம்பி அதை எங்காவது அச்சடித்து வைத்துவிட்டால், பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சரி, நூல்பட்டியலுக்கு வருவோம்.

டாலிஸ் ஆஸ்பயர், லெகாண்டோ என்று இதற்கென்றே விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் இருக்கின்றன, பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் இவை சகஜம். ஆசிரியர் பட்டியல் போடுவார், நூலகர் பார்த்து வாங்குவார், மாணவர் பட்டியலைத் திறந்தால் எந்தப் புத்தகம் அடுக்கில் இருக்கிறது, எது மின்னூலாக இருக்கிறது என்று அங்கேயே தெரியும். யோசனை ரொம்ப நல்ல யோசனை, அதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே பட்டியல் ஆசிரியருடையது, வருடாவருடம் அவர் மாற்றலாம். நம்மிடம் அது கல்விக் குழு ஒப்புக்கொண்ட ஆவணத்தின் பகுதி, யாரும் தொடக்கூடாது. அதனால் நம்மிடம் இரண்டு பட்டியல் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒன்று, ஒப்புதல் பெற்ற பட்டியல், பூட்டி வைத்தது. இன்னொன்று, வகுப்பு எடுக்கும் ஆசிரியர் இந்த செமஸ்டரில் உண்மையிலேயே படிக்கச் சொல்வது. முதலாவது அப்படியே இருக்க, இரண்டாவதை ஆசிரியர் வாரத்துக்கு வாரம் மாற்றட்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் ஒன்று ஆவணம் கெடும், இல்லை ஆசிரியர் பயந்துகொண்டு எதையும் சேர்க்காமல் விட்டுவிடுவார்.

இந்த இரண்டாவது பட்டியலில் அலகு எண்ணைக் கட்டாயம் கேளுங்கள். நம் பாடத்திட்டத்தில் ஐந்து அலகும் மேலே இருக்கும், கீழே ஏழெட்டுப் புத்தகத்தின் பெயர் இருக்கும், எதற்கு எது என்று ஒரு வார்த்தை இருக்காது. 600 பக்கப் புத்தகத்தில் மூன்றாம் அலகுக்கு வேண்டியது ஒரே ஒரு இயலாக இருக்கும். அது ஆசிரியருக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது. "அலகு 3, இந்த நூலில் 4ஆம் இயல்" என்று ஒரு வரி எழுத ஆசிரியருக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த ஒரு வரி இருந்தால் கோனார் உரை, கைடு என்று ஓடுகிற பிள்ளைகளில் கொஞ்சம் பேராவது மூலநூலைத் திறப்பார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பட்டியலை நூலகத்தோடு கட்டுவதற்கு, உங்களிடம் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருள் இருந்தால் தனியாக ஒன்றும் வேண்டாம். கோஹா நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு 2000இல் இலவசமாக வெளியிடப்பட்டது, பெயருக்கு மவோரி மொழியில் பரிசு, நன்கொடை என்று பொருள். அதில் கோர்ஸ் ரிசர்வ்ஸ் என்று ஒரு பகுதி பல வருடமாக இருக்கிறது, நம் கல்லூரிகளில் அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. நிர்வாக அமைப்புகளில் அதை இயக்கி, துறைகளின் பெயர்களையும் பருவங்களின் பெயர்களையும் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். பிறகு தாளுக்கு ஒரு பதிவு உண்டாக்கி, ஆசிரியர் பெயரைச் சேர்த்து, புத்தகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்தால் அது அந்தத் தாளின் கீழே வந்துவிடும். மாணவர் ஓபாக்கில் தாளின் பெயரைத் தொட்டால் புத்தகங்கள் வரிசையாக நிற்கும், எது அடுக்கில் இருக்கிறது, எதை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள் என்பதோடு.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு வசதி: செமஸ்டர் நடக்கும்போது மட்டும் ஒரு பிரதியை "உள்ளேயே படிக்க" என்று மாற்றி வைக்கலாம், எங்கே இருக்கிறது என்பதையும் "கவுண்டர் அருகே" என்று மாற்றலாம். செமஸ்டர் முடிந்து அந்தத் தாளை நிறுத்தினால் புத்தகம் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். முன்பெல்லாம் ஒவ்வொன்றாகக் கையால் மாற்றி, பாதியை மறந்து, ஜூன் மாதம் வரைக்கும் புத்தகம் வெளியே போகாமல் கிடக்கும். பட்டியலில் இருக்கும் புத்தகம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி இப்படி உள்ளேயே இருந்தால், தெரிந்தவர் மூலமாக முதல் நாளே விடுதிக்கு எடுத்துப் போக முடியாத பிள்ளைக்கும், பேருந்தில் நேரத்துக்குப் போக வேண்டிய பிள்ளைக்கும் மதிய இடைவேளையில் ஒரு மணி நேரமாவது கிடைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் தமிழ் எழுத்துச் சிக்கல் ஒன்றைத் தீர்க்க வேண்டும், தமிழ்த்துறையில் இறங்கினால் முதல் நாளே தெரியும். பழைய பாடத்திட்டங்கள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களான பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை. பிடிஎஃபில் பார்க்க அழகாகத் தமிழாக இருக்கும், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கொட்டும். வேர்டு கோப்பு கிடைத்தால் என்ஹெச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். தாள் மட்டும்தான் இருக்கிறது என்றால் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசராக்ட், இல்லையென்றால் கூகுள் டிரைவின் எழுத்துணரி, அப்புறம் கண்ணால் ஒருமுறை மெய்ப்பு. யூனிகோடிலேயே தட்டச்சு செய்தாலும் சிக்கல் முடியவில்லை. ஔவையார் என்று "ஔ" ஒரே எழுத்தாகப் போடுபவர்கள் இருக்கிறார்கள், "ஒ" போட்டு "ள" போட்டு ஒளவையார் என்று எழுதுபவர்கள் அதைவிட அதிகம். திரையில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். கௌதமன், கெளதமன் என்பதும் அதே கதை. பதிவு செய்யும் எல்லாரையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்து இதைக் காட்டுங்கள், ஏற்கெனவே உள்ளவற்றை ஷீட்டில் தேடி ஒரேயடியாக மாற்றிவிடலாம். கோஹாவில் ஸீப்ரா என்ற தேடுபொறி இருந்தால் அதை யூனிகோடு எழுத்துகளைச் சரியாகக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் தமிழ்த் தேடல் ஒழுங்காக வராது. நூலாசிரியர் பெயருக்கு அதாரிட்டி பதிவு ஒன்று (ஒரே பெயரின் பல வடிவங்களை இணைக்கும் பதிவு) போட்டு, மு.வ., வரதராசன், வரதராஜன், வரதராசனார் நாலும் ஒரே இடத்துக்கு வருமாறு செய்துவிட்டால் அந்த மாணவிக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காது.

ஆசிரியர்கள் பட்டியல் கொடுக்க, நூல் விவரங்களைச் சேகரிக்கும் மென்பொருளான ஸோடெரோவில் துறைக்கு ஒரு குழு திறந்து கொடுங்கள். ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006இல் உருவானது, இலவசம். ஆங்கிலப் புத்தகம் என்றால் ஐஎஸ்பிஎன் எண்ணைப் போட்டதும் விவரம் வந்து விழும். தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த வசதியை நம்ப வேண்டாம், பழைய பதிப்புகளுக்கு எண்ணே கிடையாது, கையால்தான் அடிக்க வேண்டும். பெயரைப் போடும்போது குடும்பப் பெயர், முதல் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும், நம் பெயருக்கு அது பொருந்தாது. பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்தி ஒரே கட்டமாக மாற்றிக்கொண்டு முழுப்பெயரையும் அதில் போடுங்கள். பிள்ளைகள் பின்னால் ஆய்வேட்டுக்கு அதே பதிவைத்தான் எடுப்பார்கள், இங்கே தப்பானால் அங்கேயும் தப்பாகும்.

இணையவழிப் பாடங்களுக்கான மூடுல் தளம் உங்களிடம் இருந்தால் அதில் பட்டியலை மறுபடி தட்டச்சு செய்யாதீர்கள். கோஹாவில் உள்ள தாளின் பக்கத்துக்கு ஒரு இணைப்பு மட்டும் கொடுங்கள். இரண்டு இடத்தில் ஒரே பட்டியல் இருந்தால் ஒரே வருடத்தில் இரண்டும் வேறு வேறாகிவிடும், அதைத் திரும்ப ஒன்றாக்க யாருக்கும் நேரம் இருக்காது.

அடுத்தது எல்லாரும் கேட்கும் கேள்வி: புத்தகத்தை ஸ்கேன் செய்து ஏற்றலாமா? காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஐ), கற்பிக்கும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் வழக்குப் போட்டன, பாடத்திட்டப்படி இயல்களைத் தொகுத்து நகலெடுத்து விற்றார்கள் என்று. 2016 செப்டம்பர் 16 அன்று தில்லி உயர்நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அந்த டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, கற்பித்தலுக்குத் தேவையான அளவு நகலெடுப்பதை இந்தப் பிரிவு அனுமதிக்கிறது என்பதை ஏற்று, இந்தத் தொகுப்புகள் அந்தத் தேவைக்கு உட்பட்டவையா என்று மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்தத் தீர்ப்பு தாளில் எடுத்த நகலைப் பற்றியது என்பதை மறக்க வேண்டாம். நான் கடைப்பிடிப்பது: தேவையான இயல் மட்டும், அந்தத் தாள் படிக்கும் மாணவர்கள் மட்டும், கடவுச்சொல்லோடு, செமஸ்டர் முடிந்ததும் மூடிவிடுவது. முழுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து பொதுத்தளத்தில் போடுவதை நான் செய்ய மாட்டேன், உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். நம் தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் சில நூறு பிரதிகளை வைத்துப் பிழைப்பவர்கள்.

சட்டச் சிக்கலே இல்லாமல் கிடைப்பவை நிறைய இருக்கின்றன, அவற்றை முதலில் இணையுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் இருக்கின்றன, சங்க இலக்கியத்துக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, ஈழத்து இலக்கியம் ஒரு தாளாக இருந்தால் "நூலகம்" என்ற பெயரிலேயே இருக்கும் ஈழத்து மின்னூலகத் தளத்தை விட்டால் வேறு வழியில்லை. மற்றத் துறைகளுக்கு இணையப் பாடத் தளங்களான இ-பிஜி பாடசாலா, ஸ்வயம், ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. உங்களுடையது அரசுக் கல்லூரி என்றால் 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் பதிவு ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் அதில் வருகின்றன.

இதெல்லாம் கருவிகள். உண்மையில் எல்லாம் தடுக்கி விழும் இடம் பாடத்திட்டக் குழுக் கூட்டம். குழு கூடி, கல்விக் குழு ஒப்புக்கொண்டு, பிடிஎஃப் ஏறி, வகுப்பு தொடங்கின பிறகுதான் நூலகத்துக்குப் பட்டியல் வருகிறது. அப்போதுதான் தெரியும், பாதிப் புத்தகம் பழைய பாடத்திட்டத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டது, சில அச்சிலேயே இல்லை, ஒன்றுக்குப் பதிப்பகமே மூடிவிட்டார்கள். ஆர்டர் போட்டு, பில் பாஸாகி, புத்தகம் வந்து, அக்சஷன் எண் போட்டு அடுக்குக்குப் போவதற்குள் செமஸ்டர் பரீட்சை வந்துவிடும். இதற்கு நாங்கள் செய்தது ஒரே ஒரு மாற்றம்: குழுவுக்கு வைக்கும் வரைவிலேயே ஒவ்வொரு நூலுக்கு எதிரிலும் மூன்று கட்டம். நூலகத்தில் எத்தனை பிரதி, அச்சில் கிடைக்கிறதா, இணையத்தில் முறையாகக் கிடைக்கிறதா. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே துறையிலிருந்து வரைவு நூலகத்துக்கு வந்து இந்தக் கட்டங்கள் நிரம்பித்தான் குழு முன்னால் போகும். முதல் வருடம் சில துறைகளில் முகம் சுளித்தார்கள். மூன்று கட்டமும் காலியாக இருக்கும் புத்தகத்தைக் குழுவில் இருக்கும் வெளி நிபுணர் முன்னால் வைக்க யாருக்கும் விருப்பமில்லை, அடுத்த வருடம் பட்டியல்கள் தானாகவே மாறிவந்தன. உங்கள் முதல்வரிடம் மென்பொருளுக்குப் பணம் கேட்பதைவிட இந்த ஒரு சுற்றறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

தொடங்குவது எங்கே என்றால், எல்லாத் துறையையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். பகுதி 1 தமிழை எடுங்கள். இயற்பியல், வணிகவியல், கணினி என்று எந்தத் துறை இளங்கலை மாணவராக இருந்தாலும் தமிழ் எடுத்தவர் அந்தத் தாள்களைப் படித்தே ஆக வேண்டும், கல்லூரியிலேயே அதிகம் பேர் திறக்கும் பட்டியல் அதுவாகத்தான் இருக்கும். முதல் செமஸ்டர் தாள் ஒன்று, அதன் ஐந்து அலகு, பத்துப் பன்னிரண்டு புத்தகம். ஷீட்டில் ஏற்றி, கோஹாவில் கட்டி, அந்தப் பக்கத்துக்கு ஒரு கியூஆர் கோடு எடுத்து வகுப்பறைக் கதவில் ஒட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து அந்தப் புத்தகங்களின் தேதிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். கோஹாவில் அதாரிட்டி பதிவு போடும் இடத்தில் பலர் திணறுவார்கள், அங்கே வந்ததும் கேளுங்கள், நான் போட்டு வைத்திருக்கும் மாதிரியை அனுப்புகிறேன்.